விடை அனுப்பும் வாசகர், புதிர் அனுப்பும் வாசகர்

சொல்வளமோ பொது அறிவோ தேவைப்படாமல், ஒரு கட்டத்துக்குள் தரப்பட்டிருக்கும் சில குறிகளையும் அதற்கு மேல் அச்சிடப்பட்டிருக்கும் சில விதிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு, இது இவ்வாறு இருக்குமானால் அது அவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்று படிப்படியாக அனுமானித்து ஒரே ஒரு விடையைச் சென்றடையும்படி அமைக்கப்படும் புதிர் தர்க்கப் புதிர் எனப்படுகிறது. நாளிதழ்களின் வழியே தமிழ் வாசகருக்குப் பழகிப்போன சுடோக்கு இந்த வகையைச் சேர்ந்ததே. குறுக்கெழுத்துப் புதிர் ஒரு மொழிக்குள் அடைபட்டது. தர்க்கப் புதிரையோ விதியை விளங்கிக்கொண்ட எவரும், எந்த மொழி பேசுபவராயினும், தீர்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்தும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டதிலிருந்தும் விரிந்துகொண்டே வரும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில், தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குச் செல்வதைக் காண்பவர், இத்தகைய புதிர்களுக்கென்று சொந்தச் செலவில் ஓர் இதழ் நடத்த இதைவிடப் பொருத்தமான வாசகர் வட்டம் எளிதில் அமையாது என்று எண்ணக்கூடும். அந்த எண்ணம் தவறன்று; எனினும் புதிர் இதழ் ஒன்றை நிலைக்கச் செய்வது வாசகர் எண்ணிக்கையா, வாசகரின் தன்மையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு உலகில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று ஜப்பானின் ‘நிகோலி’ இதழின் வரலாறு.

ஜப்பானின் முதல் புதிர் இதழ் எனப் பரவலாகக் குறிப்பிடப்படும் நிகோலியை, கெயோ பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமல் வெளியேறிய மாகி காஜி என்பவர், நண்பர்களுடன் சேர்ந்து 1980இல் தொடங்கினார். குதிரைப் பந்தயத்தில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், அதே ஆண்டில் அயர்லாந்தின் புகழ்பெற்ற பந்தயம் ஒன்றில் வென்ற குதிரையின் பெயரையே இதழுக்குச் சூட்டினார் என்பது, பெரிய திட்டம் எதுவுமின்றி விளையாட்டு மனத்தோடு தொடங்கப்பட்ட முயற்சி அது என்பதைக் காட்டும். மூன்றாண்டுகளுக்குப் பின்னரே அது முறையான நிறுவனமாயிற்று.

நிகோலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் சுடோக்கு அந்த இதழின் கண்டுபிடிப்பு அன்று. இன்று அறியப்படும் வடிவில் அதை உருவாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் எனக் கருதப்படுகிறது. 1979இல் ‘டெல்’ நிறுவனத்தின் புதிர் இதழில் வேறொரு பெயரில் வெளிவந்த அதனை 1984இல் ஜப்பானிய வாசகருக்கு அறிமுகப்படுத்தி இப்போதைய பெயரை இட்டவர் காஜி. நிகோலி செய்த முக்கியமான பணி அதற்குப் பிறகு நிகழ்ந்தது. முன்கூட்டியே நிரப்பித் தரப்படும் எண்கள் 32க்கு மேற்படக் கூடாது என்றும், அவை அமர்ந்திருக்கும் இடங்கள் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத சமச்சீர் கொண்டிருக்க வேண்டும் என்றும் 1986இல் இரு கட்டுப்பாடுகளை அது விதித்துக்கொண்டது. இவற்றில் இரண்டாவது கட்டுப்பாட்டால் புதிர் கடினமாவதோ எளிதாவதோ இல்லை. ஒரு மனிதர் யோசித்து அமைத்தது இது என்ற உணர்வைத் தீர்ப்பவருக்குத் தருவதே அதன் பயன். பின்னர், ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்ட், டோக்கியோவின் புத்தகக் கடையொன்றில் 1997இல் இப்புதிரைக் கண்டு, அதைத் தயாரிக்கும் கணினி நிரலை எழுதி, 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளிவரச் செய்ததும் சுடோக்கு உலகெங்கும் பரவியது. ஜப்பானுக்கு வெளியே வணிகமுத்திரை பெற்றிராத நிகோலிக்கு அந்தப் பரவலால் கிடைத்திருக்கக்கூடிய வருவாயில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

வருவாய் கைநழுவியும் இதழ் தளராமல் இருந்ததற்குக் காரணம், அதன் மூலதனம் சுடோக்கு அல்ல, வாசகர்கள் என்பதே. புதிய புதிர் வகை ஒன்றை ஒரு வாசகர் எழுதி அனுப்பினால், அது முழுமை பெறாத நிலையிலேயே அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் அச்சாகும். மற்ற வாசகர்கள் அதைத் தீர்த்துப் பார்த்துக் கருத்து எழுதுவார்கள், விதியில் ஒரு சிறு மாற்றத்தைப் பரிந்துரைப்பார்கள், அதே வகையில் தாங்களும் ஒரு புதிரை இயற்றி அனுப்புவார்கள். வரவேற்புப் பெற்றவை நிலையான இடம் பெற, மற்றவை ஓசையின்றி மறையும். ஆசிரியர் குழுவின் வேலை கண்டுபிடிப்பதைக் காட்டிலும் தேர்ந்தெடுப்பதும் செப்பனிடுவதுமாகவே இருந்தது.

இம்முறையில் உருவானவற்றுள் 1989இல் முதன்முதலாக வெளிவந்த ஸ்லிதர்லிங்க் என்ற புதிர் சற்று விரிவாகவே நோக்கத் தக்கது. வரிசையாக இடப்பட்ட புள்ளிகளுக்கு நடுவே சில எண்கள் இருக்கும். ஓர் எண், தன்னைச் சூழ்ந்த சதுரத்தின் நான்கு பக்கங்களில் எத்தனை பக்கங்களில் கோடு செல்கிறது என்பதைச் சொல்லும். கோடுகள் அனைத்தும் சேர்ந்து, கிளைக்காமலும் தன்னைத்தானே வெட்டாமலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரே வளையமாக அமைய வேண்டும். சிக்குக் கோலம் இட்டுப் பழகியவர்களுக்கு, கம்பி எங்கும் அறுந்து நிற்கலாகாது என்ற இந்த நிபந்தனை புதிதாக இராது. இப்போது கட்டத்தின் ஒரு மூலைச் சதுரத்தில் 3 என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். நான்கு பக்கங்களில் ஒன்று மட்டுமே விடுபட வேண்டும். மூலைப் புள்ளியிலிருந்து வெளிவரம்பின் இரு பக்கங்கள் மட்டுமே புறப்படுவதால், அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டால் மற்றது அந்தப் புள்ளியில் முட்டி நின்றுவிடும். வளையத்தில் முட்டுச்சந்துக்கு இடமில்லையாதலால் வெளிவரம்பின் இரு பக்கங்களும் கட்டாயம் வரையப்பட்டாக வேண்டும், விடுபடுவது உட்பக்கங்களில் ஒன்றுதான் என்ற முடிவுக்கு, வேறு எந்த எண்ணையும் பாராமலேயே வந்துவிடலாம். தர்க்கப் புதிரின் இன்பம் முழுவதும் இத்தகைய சிறு கண்டடைதல்களில் அடங்கியிருக்கிறது. இப்புதிர், வாசகர் அனுப்பிய இரு வேறு புதிர்க் கருத்துகளை ஆசிரியர் ஒன்றிணைத்ததால் பிறந்தது. தொடக்கத்தில் எல்லாச் சதுரங்களிலும் எண்கள் இருந்தன, பின்னரே பல இடங்கள் வெறுமையாக விடப்பட்டுப் புதிர் ஆழம் பெற்றது. ஹிட்டோரி, நூரிகாபே எனப் பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவிய வேறு சில வகைகளும் இதே இதழின் பக்கங்களில்தான் முதலில் தோன்றின.

கணினி நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான கட்டங்களை உருவாக்கித் தரும் காலத்திலும் நிகோலி கையால் இயற்றப்பட்ட புதிர்களையே வெளியிட்டு வருகிறது. இதைப் பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. நிரல் சரிபார்ப்பது விடை ஒன்றேதானா என்பதை. மனிதர் அமைப்பதோ தீர்ப்பவர் எந்த இடத்தில் தயங்குவார், எந்த இடத்தில் வழி திறக்கும் என்ற வரிசையை. அதைவிடவும், கணினி தரும் புதிரை வெளியிடும் இதழுக்கு வாசகரிடமிருந்து பெற்றுக்கொள்ளச் சந்தாவைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

தமிழ் இதழியல் வாசகரைப் புதிரின் வழியே ஈர்த்த வரலாறு இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. எஸ். எஸ். வாசன் 1928இல் வாங்கி நடத்திய ‘ஆனந்த விகடன்’, பரிசுத்தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளால் 1930களில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. அத்தகைய போட்டிகள் சூதாட்டத்துக்கு ஒப்பானவை என்ற கண்டனமும் உடன் எழுந்தது. அக்காலத்தில் இந்தியாவெங்கும் நடந்த பெரும்பரிசுப் போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்குப் பொருந்தக்கூடிய சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். அவற்றுள் எது ‘சரி’ என்பதை நடத்துபவர் முன்பே தீர்மானித்து முத்திரையிட்ட உறைக்குள் வைத்திருப்பார். வாசகரின் சொல்லாட்சி எத்துணை சிறந்ததாயினும் அந்த உறையோடு ஒத்துப்போனால்தான் பரிசு. இப்போக்கைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1955இல் இயற்றிய பரிசுப் போட்டிகள் சட்டம், எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அமைத்தும் இணைத்தும் தீர்க்கும் புதிரின் விடைக்குப் பரிசு வழங்கும் எந்தப் போட்டியையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, மாதம் ஒன்றுக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2,000க்கும் மேற்படலாகாது என்று வரம்பிட்டதோடு உரிமம் பெறுவதையும் கட்டாயமாக்கியது. பெங்களூரில் அச்சான ஒரு வார இதழின் வழியே குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சாமர்பாக்வாலா தொடுத்த வழக்கில், 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இச்சட்டம் சூதாட்டத் தன்மை கொண்ட போட்டிகளையே கட்டுப்படுத்தும், வெற்றி பெரிதும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளை அன்று என்று தெளிவுபடுத்தியது.

உறையில் இட்ட விடைக்கும் தர்க்கத்தால் அடையும் விடைக்கும் உள்ள இடைவெளி சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. முதல் வகையில் தன் விடை சரியா என்பதை அறிய வாசகர் அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் கடைசிக் கட்டம் நிரம்பிய கணமே அது சரி என்பது அவருக்கே தெரிந்துவிடும், ஆசிரியரின் அங்கீகாரம் வேண்டியதில்லை. எனவே தர்க்கப் புதிர் இதழில் விடையை அனுப்பும்படி வாசகரைக் கேட்பது ஏறக்குறைய பொருளற்ற சடங்கு. அவரிடம் கேட்கத் தக்கது அடுத்த புதிரைத்தான்.

வாசகரையே படைப்பவராக்கும் இம்முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. சி. சு. செல்லப்பா 1959இல் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழ், பரிசு அறிவித்து வாசகரைச் சேர்க்கவில்லை. திருகோணமலையிலிருந்து கவிதை அனுப்பிய தருமு சிவராமு என்னும் இருபது வயது இளைஞருக்கு இடமளித்ததைப் போன்ற செயல்களாலேயே வரலாற்றில் நின்றது. ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் தொழிலாளருக்கோ இன்னும் நெருக்கமான வழியில் இம்முறை அறிமுகமாகியிருக்கிறது. பணிமனையில் நிற்பவரே தம் வேலையில் செய்யக்கூடிய சிறு சிறு மேம்பாடுகளைச் சொல்ல வேண்டும் என்னும் ‘கைசன்’ முறையையும், டொயோட்டா நிறுவனம் 1951 முதல் நடத்திவரும் ஆலோசனைத் திட்டத்தைப் போன்ற ஏற்பாடுகளையும் வாகனத் தொழிலில் பணியாற்றுவோர் நன்கறிவர். ஆலோசனைப் பெட்டி எங்கெல்லாம் வெறும் சம்பிரதாயமாகத் தேய்கிறதோ அங்கெல்லாம், எழுதிப் போட்ட தாள் என்னவாயிற்று என்பது எழுதியவருக்குத் தெரியாமற்போவதே காரணமாக இருக்கும். நிகோலியின் அரைகுறைப் புதிர்ப் பகுதி தவிர்த்தது இந்தக் குறையைத்தான்: அனுப்பியது அச்சில் வந்தது, பிறர் சொன்னதும் அச்சில் வந்தது.

இனி இதழை உருவாக்கும் வேலை. நடுவில் பின்னடித்து மடிக்கும் இதழின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஏ4 தாள் எட்டை மடித்தால் ஏ5 அளவில் 32 பக்கம் கிடைக்கும். ஓடும் பஸ்ஸில் பென்சிலால் எழுதுவதானால் ஒரு சதுரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்பதால், ஒரு பக்கத்தில் இரண்டு சுடோக்குகளுக்கு மேல் அடைப்பது வாசகருக்குச் செய்யும் தீங்கு. வழவழப்பான ஆர்ட் தாளில் பென்சில் பதியாது, செய்தித்தாள் காகிதம் அழிப்பானுக்குக் கிழியும், மேப்லித்தோவே ஏற்றது. இவையெல்லாம் எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

கடினமானது சரிபார்ப்பு. இரண்டு விடைகள் கொண்ட ஒரு புதிர் அச்சாகிவிட்டால், ஒரு மணி நேரம் செலவிட்ட வாசகர் தம் அனுமானத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவதால், அது வழக்கமான அச்சுப்பிழைகளைவிடப் பன்மடங்கு கொடியது. வாசகர் அனுப்பும் சுடோக்குகளைச் சலித்தெடுக்கச் சில எளிய சோதனைகள் உண்டு: தரப்பட்ட எண்களுள் இரண்டு இலக்கங்கள் ஓரிடத்திலும் வரவில்லையெனில், விடையில் அவ்விரண்டையும் இடம் மாற்றினால் இன்னொரு விடை கிடைத்துவிடும் என்பதால் அப்புதிர் அப்போதே தள்ளத் தக்கது, 16 அல்லது அதற்கும் குறைவான எண்கள் தரப்பட்ட சுடோக்குக்கு ஒற்றை விடை இருக்கவே முடியாது என்பதை 2012இல் டப்ளினைச் சேர்ந்த கேரி மக்வயரின் குழு கணினித் தேடலின் மூலம் நிறுவியிருக்கிறது. இவற்றைக் கடந்து வருவதை நிரலிடம் தந்து ஒற்றை விடையை உறுதி செய்துகொண்ட பிறகும், இயற்றியவரல்லாத இருவரேனும் பென்சிலால் தீர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் ஊகித்துப் பார்த்துத் திரும்பி வர நேர்ந்ததா, ஒவ்வோர் அடியும் தர்க்கத்தாலேயே கிடைத்ததா என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.

நிராகரிக்கும் புதிருக்கு, எந்தச் சதுரத்தில் வழி அடைபடுகிறது என்பதைக் குறித்து ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினால், அனுப்பியவர் அதே புதிரைத் திருத்தி மீண்டும் அனுப்புவதற்கு வாய்ப்புண்டு. காரணம் சொல்லாமல் விட்டால் அவர் திரும்ப மாட்டார். வெளியாகும் ஒவ்வொரு புதிரின் கீழும் இயற்றியவரின் பெயர் இருக்க வேண்டும்; நிகோலியில் பலர் செய்வதைப் போலப் புனைபெயருக்கும் இடம் தரலாம், ஆலைப் பணியில் இருப்பவர் சிலர் அதை விரும்பவும் கூடும். பரிசுக்கென ஒதுக்க நினைக்கும் சிறு தொகையை, புதிர் ஒன்றுக்கு இவ்வளவு என இயற்றியவருக்குச் சன்மானமாக வழங்குவது எல்லா வகையிலும் மேலானது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடுவது விடைக்குத் தரும் பரிசையே என்பதால், அத்தகைய சன்மானம் அதன் வரம்புக்குள் வருவதுமில்லை.