மருத்துவ நூலகத்தில் நூற்பகுப்பு

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்றுகொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் என்னைக் காண வந்தான். "ஐயா, எங்கள் நூலகத்தில் காசநோயைப் பற்றி ஒரு நல்ல நூல்கூட இல்லை" என்று குறைப்பட்டுக் கொண்டான். எங்கே தேடினாய் என்று வினவினேன். "தொற்றுநோய் அலமாரியில்தான். காசநோய் தொற்றுநோய் அல்லவா?" என்றான். அவன் சொன்ன காரணத்தில் பிழையில்லை. தேடிய இடந்தான் பிழை.

இன்று உலகின் மருத்துவ நூலகங்கள் பலவற்றில் வழங்கும் பகுப்பு முறை, அமெரிக்கப் படைத்துறை மருத்துவ நூலகத்திற்கென அமைந்தது. மேரி லூயிஸ் மார்ஷல் என்னும் அம்மையார் 1948-இல் அதன் முதல் வரைவை ஆக்கினார். 1951-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. அந்நூலகம் 1956-இல் தேசிய மருத்துவ நூலகம் ஆயிற்று. முறைக்கும் அப்பெயரே நிலைத்தது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொரு துறைக்கும் ஏற்கெனவே பகிர்ந்தளித்திருந்தது. அப்பகிர்வில் டபிள்யூ என்ற எழுத்தும், க்யூ.எஸ். முதல் க்யூ.இசட். வரையிலான இணைகளும் உரியவரின்றிக் கிடந்தன. அவ்வெற்றிடத்தில் மருத்துவத்தைக் குடியேற்றினார்கள். ஆதலின் இரு முறைகளும் ஒரே கட்டடத்தில் மோதலின்றி இருக்க முடிகிறது.

க்யூ வரிசையில் அடிப்படை அறிவியல்கள் நிற்கும்: உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல் முதலியன. டபிள்யூ வரிசை மருத்துவத் தொழிலுக்கு உரியது. அதில் ஏ பொதுச் சுகாதாரம், சி தொற்றுநோய்கள். பின்னர் உறுப்பு மண்டலங்கள் தொடங்குகின்றன: ஈ எலும்பும் தசையும், எப் சுவாச உறுப்புகள், ஜி இதயமும் இரத்தக் குழாய்களும். அதன்பின் ஓ அறுவை மருத்துவம், எஸ் குழந்தை மருத்துவம், ஒய் செவிலியம். இறுதியில் இசட் மருத்துவ வரலாறு. உறுப்பு ஒரு நெறி, நோயாளியின் வயது ஒரு நெறி, தொழில் ஒரு நெறி. மூன்றையும் ஒரே வரிசையில் கலப்பதைத் தருக்க நூலார் ஒப்பமாட்டார். எனினும் மருத்துவர்கள் தம் துறைகளைப் பிரித்துக்கொண்டிருப்பதும் இவ்வாறே அன்றோ? அவர்களுக்கு இவ்வரிசை வசதியானது என்றே நான் கருதுகிறேன்.

இனிக் காசநோய்க்கு வருவோம். அதனை விளைப்பது ஒரு கிருமி. ஆனால் அது பெரும்பாலும் தங்குமிடம் நுரையீரல். இம்முறை இரண்டாவதைக் கொண்டு அந்நோயைச் சுவாச உறுப்புகளோடு சேர்த்தது. டபிள்யூ.எப். 200 என்ற எண்ணிலிருந்து அந்நூல்கள் தொடங்கும். எலும்பில் தோன்றும் காசநோய் எலும்புப் பகுதிக்குச் சென்றுவிடும். கிருமியின் இயல்பை மட்டும் ஆராயும் நூல் நுண்ணுயிரியலுக்குப் போகும். மலேரியாவின் கதியும் இத்தகையதே: நோய் தொற்றுநோய்ப் பகுதியில், ஒட்டுண்ணியும் கொசுவும் ஒட்டுண்ணியியலில், மருந்து மருந்தியலில். ஒரே நூல் இரண்டு பொருள்களைப் பேசினால் எதனை வலியுறுத்துகிறதோ அதனோடு வைப்பர். வலியுறுத்தல் விளங்காவிடின், முதலிற் பேசிய பொருளோடு வைப்பர்.

1876-இல் வெளிவந்த டூயியின் தசமப் பகுப்பு வேறு வகையாக எண்ணியது. அதில் சுவாச நோய்கள் 616.2, காசநோயோ 616.995 என்று தொலைவில் நிற்கிறது. என் மாணவன் அம்முறையைப் பின்பற்றும் நூலகத்தில் சுவாச நோய்ப் பகுதியைத் துழாவியிருந்தால் அங்கும் ஏமாந்திருப்பான்!

நம் சீகாழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஆயத்த எண்ணைத் தேடுவதில்லை. கூறுகளை இணைத்து எண்ணைக் கட்டுகிறது. எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை. இடையிடையே நிறுத்தக் குறிகள். எண்ணைக் கண்டவுடனே நூலின் பொருள் முழுதும் விளங்கிவிடும். ஆயினும் உறுப்பே அங்கு முதலில் நிற்பதால், எலும்புக் காசநோய் நுரையீரல் காசநோயினின்று அங்கும் விலகியே நிற்கும். நூல் ஒன்று, அது இருக்கக்கூடிய இடமும் ஒன்று. சிதறியவற்றைத் தேடிக் கூட்டுவது பொருளகராதியின் வேலை. அதனைப் புரட்டாமல் நேரே அலமாரிக்குச் சென்றதே என் மாணவன் செய்த தவறு.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, தான் முன்பு நின்ற இடத்திலிருந்து சில அடி தள்ளி ஒரு தட்டு நிறையக் காசநோய் நூல்கள் இருந்தனவென்று கூறிச் சிரித்தான்.