பம்ப் காட்டும் எண்ணை நம்பலாமா?

அறுவை சிகிச்சையின்போது பொது மயக்கத்தை இரண்டு வழிகளில் நீட்டிக்கலாம். ஒன்று, நோயாளி சுவாசிக்கும் வாயு. மற்றொன்று, சிரை வழியே இடைவிடாது செலுத்தப்படும் மருந்து. பாலைப் போல் வெண்மையான புரோபோஃபால் 1986இல் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே இரண்டாம் வழி பரவலாயிற்று. விழித்தெழும்போது குமட்டலும் வாந்தியும் குறைவு. புவியை வெப்பமாக்கும் டெஸ்ஃபுளுரேன் போன்ற வாயுக்களும் தேவையில்லை. எனவே, பயிற்சி மருத்துவர்கள் இதைக் கற்றே ஆக வேண்டும். எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

வாயு மயக்கத்தில், நோயாளி வெளிவிடும் மூச்சில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைக் கருவி அளந்து காட்டிக்கொண்டே இருக்கும். சிரைவழி மயக்கத்தில் அந்த வசதி இல்லை. பம்ப்பின் திரையில் ஒளிரும் எண், எடை, வயது போன்றவற்றைக் கொண்டு போடப்பட்ட கணக்கு மட்டுமே. மார்ஷ், ஷ்னைடர் எனக் கணக்கு முறைகளும் பல. ஒரே நோயாளிக்கு ஒரே இலக்கைக் கொடுத்தாலும் அவை செலுத்தும் மருந்தின் அளவு வேறுபடும். குழாய் அடைபட்டால் பம்ப் ஒலியெழுப்பும். கழன்று, மருந்து மெத்தையில் சொட்டினாலோ மௌனமாக அதே எண்ணைக் காட்டும். தசைத் தளர்த்தி மருந்தும் பெற்றிருந்தால், நினைவு திரும்பிய நோயாளியால் விரலசைத்துக்கூட அதைத் தெரிவிக்க இயலாது.

இது வீண் அச்சமன்று. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான தணிக்கையின்படி, பொது மயக்கத்தின்போது விழித்திருந்ததாகப் புகார் கூறியவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். சிரைவழி மயக்கம் பெற்றவர்களிடையே இவ்விகிதம் கூடுதல். அவர்களில் சிலருக்கு, அறுவை அரங்கிலிருந்து வேறிடம் மாற்றப்படும் வேளையில் இது நேர்ந்திருக்கிறது.

ஆகவே, பம்ப்பைத் தொடுவதற்கு முன் பயிற்சி மருத்துவர்களிடம் நான் கேட்பது இது: “இந்த எண் பொய்யென்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?” சூத்திரங்களை ஒப்பிப்பவர்கள்கூட இங்கே தடுமாறுவதுண்டு. விடை நோயாளியின் கையில் தொடங்குகிறது. ‘வென்ஃப்ளான்’ பொருத்திய இடம் துணிக்கடியில் மறையாமல் கண்ணெதிரே இருக்க வேண்டும். சிரிஞ்சில் இருப்பது ஒரு சதவீத மருந்தா, இரண்டு சதவீத மருந்தா என்பதைப் பம்ப்பில் பதித்ததோடு ஒப்பிட வேண்டும். தசைத் தளர்த்தி கொடுத்திருந்தால் மூளையின் மின்னலைகளைக் கண்காணிக்கும் கருவியும் வேண்டும்.

அந்தக் கருவி விலை கூடியது. அது இல்லாத அரங்குகள் நம்மிடையே ஏராளம். அத்தகைய அரங்கில், தசைத் தளர்த்தி பெற்ற நோயாளிக்குச் சிரைவழி மயக்கத்தைப் பயிற்சி மருத்துவர் தனியாகத் தொடர அனுமதிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. வாயு இயந்திரம் அருகிலேயே இருக்கிறது.