கியோட்டோவில் முந்திக்கொண்ட செர்ரி... பெரம்பலூரில் கொன்றை எப்போது?

செர்ரி மரத்தடியில் அமர்ந்து பூக்களை ரசிப்பதை ஜப்பானியர்கள் ‘ஹனாமி’ என்கிறார்கள். ஜப்பான் மீது காதல்கொண்ட புகைப்படக்காரர்கள் காத்திருப்பதும் அந்த ஒருசில நாள்களுக்குத்தான். ஆனால், பூக்கள் இப்போது காத்திருப்பதில்லை!

2021-ல், கியோட்டோவில் மார்ச் 26-லேயே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன. சுமார் 1,200 ஆண்டுப் பதிவுகளில், அதுவரை இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. பழைய நாட்குறிப்புகளைத் தேடித்தேடி இந்தத் தேதிகளைத் திரட்டியவர், பேராசிரியர் யாசுயுகி அவோனோ. காலநிலை மாற்றமும் நகரத்துச் சூடும்தான் காரணம் என்கின்றன ஆய்வுகள்.

நம் கொன்றையும் அவசரப்பட்டதுண்டு. பருவமல்லாத மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை ‘விவரமில்லாதது’ என்கிறாள், குறுந்தொகை 66-ம் பாடலின் தோழி. ஆனால், அதில் தேதி இல்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சரக்கொன்றை பூத்திருந்தால், போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். தேதி தானாகவே பதிவாகிவிடும். அடுத்த ஆண்டும் அதே மரத்தை மறக்காமல் எடுங்கள்!