பழைய டீசல் கார் மைலேஜ் குறைஞ்சிடுச்சா? கார் மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



போன வருஷம் குறுவை அறுவடை முடிஞ்ச சமயம். தஞ்சாவூர்ல பங்க்ல டீசல் போட்டுட்டு பில்லைப் பார்க்கிறேன், அந்த மாசம் டீசலுக்கு மட்டும் 8,000 ரூபாய்க்கு மேல போயிருக்கு. முன்னாடி 6,000 தாண்டாது. ஓட்டுற தூரம் அதேதான்.

கார் அப்பா வாங்கினது. 2012 மாடல், டீசல் ஹேட்ச்பேக். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துட்டு, "நாலு இன்ஜெக்டரும் மாத்தணும் சார், 48,000 ஆகும்"னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து சொன்னா மச்சான் உடனே, "அந்தக் காசைப் பழைய வண்டியில போடாதீங்க மாமா, புதுசு எடுத்துடுங்க"ன்னாரு. ஷோரூமுக்கும் போய்ட்டேன். 9 லட்சம் ரூபாய் கார். 2 லட்சம் முன்பணம், மீதி 7 லட்சம் லோன்.

அந்த 2 லட்சம் எங்கிருந்து வரும்? மூணு வருஷமா நான் சேர்த்து வெச்சிருந்த எமர்ஜென்சி ஃபண்ட் முழுசும் அதுதான். கையெழுத்துப் போடுறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பேப்பர்ல கணக்கு எழுதினேன். இந்தப் பதிவே அந்தக் கணக்கைப் பத்தினதுதான்.

உங்க பிரச்சினை மாசம் எவ்வளவு ரூபாய்?

நான் மாசம் சுமாரா 1,200 கிலோமீட்டர் ஓட்டுறேன். வல்லம் பக்கம் ஆபீஸ், சனி ஞாயிறு வடுவூர் தாண்டி சொந்த ஊர், நடுவுல ரெண்டு மூணு தடவை திருச்சி. டீசல் லிட்டர் 93 ரூபாய்னு வெச்சுக்குவோம். உங்க ஊர் ரேட்டை நீங்க மாத்திப் போட்டுக்கோங்க.

முன்னாடி மைலேஜ் 19: மாசம் 63 லிட்டர், சுமார் 5,870 ரூபாய்.
இப்ப மைலேஜ் 13.5: மாசம் 89 லிட்டர், சுமார் 8,270 ரூபாய்.
வித்தியாசம்: மாசம் 2,400 ரூபாய்.

இப்ப புதுக் கார் கணக்கு. 7 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 14,700 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 1.8 லட்சத்துக்கு மேல. இன்சூரன்ஸ் தனி.

அதாவது 2,400 ரூபாய் பிரச்சினைக்கு 14,700 ரூபாய் தீர்வு. அதுவும் 60 மாசத்துக்கு!

சரி, இன்ஜெக்டர் மாத்தலாமான்னா, 48,000-ஐ 2,400-ஆல வகுத்தா 20 மாசம். மைலேஜ் முழுசா திரும்பி வந்தாலே போட்ட காசு எடுக்க 20 மாசம் ஆகும். வரலைன்னா? அந்த 48,000-மும் போச்சு.

அதனால நான் ஒரு ரூல் வெச்சுக்கிட்டேன். காசு செலவில்லாததை முதல்ல பார்க்கணும். அப்புறம் 2,000 ரூபாய்க்குள்ள முடியறது. அப்புறம் 5,000-க்குள்ள. அதுக்கும் மேல போறதை டெஸ்ட் பண்ணி நிரூபிச்சா மட்டும்தான் தொடணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல்ல சரியா அளங்க

டேஷ்போர்டுல காட்டுற மைலேஜை நம்பாதீங்க, அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் ஃபுல் முறைதான் சரி. ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் நிரப்புங்க, டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. 300, 400 கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டிட்டு, அதே பங்க், அதே பம்ப்ல மறுபடியும் ஆட்டோ கட் வரைக்கும் நிரப்புங்க. ஓடின கிலோமீட்டரை இப்ப போட்ட லிட்டரால வகுங்க. ஒரு தடவை போதாது, ரெண்டு தடவை பண்ணுங்க.

கம்பெனி விளம்பரத்துல சொன்ன மைலேஜோட ஒப்பிடாதீங்க. அது லேப்ல எடுத்த நம்பர், ரோட்டுல பெரும்பாலும் வராது. உங்க வண்டி முன்னாடி உங்க கையில கொடுத்த நம்பர்தான் அளவுகோல்.

இன்னொண்ணு, டயர் சைஸைப் பெருசா மாத்தியிருந்தீங்கன்னா மீட்டர் தூரத்தைக் குறைச்சுக் காட்டும். மைலேஜ் குறைஞ்ச மாதிரி தெரியும், உண்மையில குறைஞ்சிருக்காது. மாத்தினவங்க கூகுள் மேப் தூரத்தோட ஒரு தடவை சரிபாருங்க.

படி 1: காசு செலவில்லாதது

டயர்ல காத்து. காலையில வண்டி எடுத்ததும், டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க. எவ்வளவு இருக்கணும்னு டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும். என் வண்டிக்கு 32 பிஎஸ்ஐ வேணும், நாலு டயர்லயும் 23-தான் இருந்தது. ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா சுமார் 0.2% மைலேஜ் போகும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. கேட்க சின்னதுதான், ஆனா 9 குறைஞ்சா கிட்டத்தட்ட 2%. டயர் தேயறது தனி நஷ்டம்.

அடுத்தது டிக்கி. நம்ம ஊர்க்காரங்க வண்டி டிக்கியைத் திறந்தா அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார் ஏதாவது ஒண்ணு இருக்கும். நான் வயல் அரிசி ஒரு மூட்டையும் பழைய மோட்டார் சாமானும் ரெண்டு மாசமா சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். 45 கிலோ கூடினா சுமார் 1% மைலேஜ் குறையும்.

மூணாவது, நிக்கும்போது ஓடுற இன்ஜின். நீடாமங்கலம் கேட்டுல மாட்டினவங்களுக்குச் சொல்லவே வேணாம். நெல் ஏத்துற கூட்ஸ் ரயில் முன்னயும் பின்னயும் போய்ட்டு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். சின்ன டீசல் இன்ஜின் சும்மா நின்னு ஓடினாலே மணிக்கு சுமார் அரை லிட்டர் குடிக்கும், ஏசி போட்டா இன்னும் கூட. ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கும்னா ஆஃப் பண்ணிடுங்க.

இந்த மூணும் பண்ணி அளந்தேன்: 14.1. செலவு ஜீரோ.

படி 2: ஃபில்டர், 1,600 ரூபாய்

இது நம்ம டெல்டாக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். அறுவடை சீசன்ல ரோட்டுலயே நெல் காயுது, வைக்கோல் கிடக்குது, பக்கத்து வயல்ல அறுவடை மெஷின் ஓடுது. அந்தத் தூசியும் பதரும் நேரா ஏர் ஃபில்டருக்குத்தான் போகும். சர்வீஸ் புக்ல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு இந்த ரோட்டை நினைச்சுப் போட்டதில்ல. குறுவை அறுப்பு முடிஞ்சு ஒரு தடவை, தை மாச சம்பா அறுப்பு முடிஞ்சு ஒரு தடவை திறந்து பாருங்க. கிளிப்பைக் கழட்டினா வந்துடும், அஞ்சு நிமிஷ வேலை.

என் ஃபில்டரைத் தட்டினா கையளவு உமி கொட்டுச்சு. டீசல் இன்ஜினுக்குக் காத்து பத்தலைன்னா இழுவை போகும், கரும்புகை வரும், நாம ஆக்ஸிலரேட்டரை இன்னும் அமுக்குவோம்.

ஏர் ஃபில்டர் 450, டீசல் ஃபில்டர் 1,150. டீசல் ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும். மழைக்காலத்துல அதையும் ஒரு தடவை வடிக்கச் சொல்லுங்க.

அளந்தேன்: 15.2.

படி 3: பிரேக் பிடிச்சிருக்கா? 2,700 ரூபாய்

இது எனக்குத் தோணவே இல்ல. ஊர்ல எங்க வண்டிகளை ரொம்ப வருஷமா பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "தம்பி, நம்ம ரோடு தாம்பாளம் மாதிரி சமமா கிடக்கு. நியூட்ரல்ல விட்டா வண்டி உருண்டுக்கிட்டே போகணும். இது நிக்குதே"ன்னாரு.

"இன்ஜின்ல பிரச்சினை இல்லையாண்ணே?"

"இன்ஜின் இழுக்குது தம்பி. பிரேக்கு விட மாட்டேங்குது."

இடது பக்க முன் சக்கரத்துல காலிப்பர் பின் துரு பிடிச்சு, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமப் பிடிச்சிருந்தது. பிரேக் போட்டுக்கிட்டே ஓட்டுற மாதிரிதான். வீட்டுலயே இதைப் பார்க்கலாம். பிரேக் அதிகம் போடாம பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்துங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு விரல் தள்ளி கையைக் காட்டுங்க. தொடாதீங்க, சுட்டுடும். ஒண்ணு மட்டும் தனியா அனல் அடிச்சா அங்கதான் பிரச்சினை.

காலிப்பர் சர்வீஸ், புது பேட் எல்லாம் சேர்த்து 2,700. அளந்தேன்: 16.9.

படி 4: ஸ்கேன், டர்போ ஹோஸ், 3,400 ரூபாய்

இப்பவும் ஏறும்போது "உஸ்ஸ்"னு ஒரு சத்தம், பின்னாடி லேசா கரும்புகை. ஸ்கேனர் போட 500 ரூபாய். டர்போ கொடுக்கிற காத்தழுத்தம் குறைவா காட்டுச்சு. டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல விரல் நீளத்துக்கு வெடிப்பு, சுத்தியும் ஆயில் பிசுக்கு. புது ஹோஸ் கூலியோட 2,900.

இந்தக் கட்டத்துல நீங்களும் மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டியது இன்னும் மூணு. ஒண்ணு, அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரலைன்னா தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் டீசல் அதிகம் குடிக்கும். ரெண்டு, ஆர்பிஎம் ஏறுது ஆனா வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. மூணு, இஜிஆர் வால்வுல கரி படிஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ஊருக்குள்ளயே ஓடுற வண்டியில இது சகஜம்.

அளந்தேன்: 18.2.

அப்ப அந்த இன்ஜெக்டர்?

மெக்கானிக் அண்ணன் நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் பைப்பையும் கழட்டி, நாலு சின்ன பாட்டில்ல விட்டு இன்ஜினை ஓட விட்டாரு. எதுல டீசல் சீக்கிரம் நிறையுதோ அந்த இன்ஜெக்டர் உள்ள கசியுதுன்னு அர்த்தம். எனக்கு நாலுமே கிட்டத்தட்ட ஒரே மட்டம். அதாவது இன்ஜெக்டர் நல்லாத்தான் இருந்தது.

முதல் ஒர்க்‌ஷாப் வேணும்னே ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இன்ஜெக்டர் கெட்டாலும் மைலேஜ் குறையும், அது உண்மை. ஆனா இந்த டெஸ்ட் பண்ணாம மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. டெஸ்ட்ல ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா, அதை மட்டும் மாத்த முடியுமான்னு கேளுங்க. இன்னொரு விஷயம்: 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வர்றதுக்கு முன்னாடி வந்த சின்ன டீசல் கார்கள் பெரும்பாலானதுல டிபிஎஃப் கிடையாது. பழைய வண்டிக்கு "டிபிஎஃப் கிளீனிங்"னு பில் போட்டா, அந்தப் பார்ட் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

மொத்தக் கணக்கு

செலவு: 1,600 + 2,700 + 3,400 = 7,700 ரூபாய்.
மைலேஜ்: 13.5-ல இருந்து 18.2.
மிச்சம்: மாசம் சுமார் 2,130 ரூபாய்.
போட்ட காசு திரும்பி வந்தது: நாலு மாசத்துக்குள்ள.

பழைய 19 வரலை. 13 வருஷ வண்டிகிட்ட அதை எதிர்பார்க்கவும் கூடாது.

எப்ப வண்டியை விடணும்?

பழைய வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே இருங்கன்னு நான் சொல்லலை. நீலப் புகை வருது, ஆயில் அடிக்கடி குறையுது, கம்ப்ரெஷன் டெஸ்ட்ல ஃபெயில், அடித்தளம் துரு அரிச்சிடுச்சு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா வித்துடுறது நல்லது. ஆர்சி 15 வருஷம் முடியப் போகுதுன்னா அந்தச் செலவையும் சேர்த்துக்கோங்க. 2022 ஏப்ரல்ல காருக்கு ரின்யூவல் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய் ஆச்சு. பசுமை வரியும், எஃப்சிக்கு வண்டியைத் தயார் பண்ற செலவும் தனி. டெல்லியில 10 வருஷ டீசல் வண்டிக்குக் கொண்டுவந்த தடை தமிழ்நாட்டுல இல்ல, அதைச் சொல்லி யாராவது பயமுறுத்தினா அவசரப்பட்டு விக்காதீங்க.

நான் இப்ப பண்றது இதுதான். மிச்சமாகுற 2,000 ரூபாயை மாசாமாசம் ஒரு ஆர்டியில போடுறேன். பேரு "கார் ஃபண்ட்". ரிப்பேர் வந்தா அதுல இருந்து, வரலைன்னா அடுத்த காருக்கு முன்பணம்.

கடைசியா ஒண்ணு. ஷோரூம்ல கையெழுத்துப் போடாம வந்த ரெண்டாவது மாசம், ஐப்பசி கடைசியில அடைமழை. எங்க நாலு ஏக்கர் சம்பா இளம் பயிர் ஒரு வாரம் தண்ணியில நின்னு அழுகிடுச்சு. மறுபடியும் நாத்து வாங்கி, ஆள் விட்டு நட 50,000 ரூபாய் ஆச்சு. அப்பா கடன் கேட்டு யார் வீட்டு வாசலுக்கும் போகலை. அந்த எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். அன்னைக்கு நான் 14,700 ரூபாய் இஎம்ஐ கட்டிக்கிட்டு இருந்திருந்தா?

இந்த வாரக் கடைசியில டயர்ல காத்து பாருங்க, டேங்கை ஃபுல் பண்ணுங்க, டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. வந்த நம்பரைக் கமெண்ட்ல போடுங்க. ஃபில்டர் கழட்டுறதும் சக்கரச் சூடு பார்க்கிறதும் எப்படின்னு நம்ம சேனல் வீடியோவுல செஞ்சே காட்டியிருக்கேன், பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.