கடல் இல்லாத கடற்கரை

மார்கழி மாதத்தில் நம்மவர்கள் மேற்கொள்ளும் பிரயாணங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஸ்தல யாத்திரை போகிறவர்கள் ஒரு வகை. குளிர்ந்த மலைக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறவர்கள் இன்னொரு வகை. சமுத்திரக் கரைக்குச் சென்று கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றையும் இரண்டே நாளில் மோட்டாரில் பார்த்துவிடலாம், அதற்குப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். கோயில் சரி, மலையும் சரி. சமுத்திரம் தரங்கம்பாடிப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? அரியலூருக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிறதே!

சமுத்திரம் இப்போதுதான் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே இருந்தது. போகும்போது தன் சாமான்களை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

இந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் என் சிநேகிதர். முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்ற உபாத்தியாயர் அவர். ஓய்வு பெற்றாரே ஒழியக் கற்பிப்பதை நிறுத்தவில்லை. மார்கழிப் பனியில் திருச்சியிலிருந்து நாங்கள் கிளம்பியபோது, சமயபுரம் தாண்டுவதற்குள்ளாகவே பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"ஓய்! இடது பக்கம் பாரும். அதோ நீலமாகத் தெரிகிறதே, அது பச்சைமலை. அந்தப் பாறைகளின் வயசு இருநூறு கோடி வருஷத்துக்கு மேல். இப்போது வலது பக்கம் பாரும். என்ன தெரிகிறது?"

"பருத்தியும் சோளமும் தெரிகின்றன. நடுநடுவே சின்ன வெங்காயம்."

"வெங்காயத்துக்குக் கீழே சமுத்திரம் இருக்கிறது, ஸ்வாமி!"

விஷயம் இதுதான். இந்தியாவும், அண்டார்க்டிகாவும், ஆஸ்திரேலியாவும் ஒரே பெரு நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தவை. பதின்மூன்று கோடி வருஷங்களுக்கு முன்பு அந்த நிலம் விரிந்து பிளவுபட்டது. பிளவின் பள்ளத்தில் பிற்பாடு கடல் புகுந்தது. மேற்கே பழைய மலைப்பாறை கரையாயிற்று. கிழக்கே வெதுவெதுப்பான ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கடல் சில தடவை முன்னேறியது, சில தடவை பின்வாங்கியது. நாலைந்து கோடி வருஷங்களுக்கு மேல் இந்த நாடகம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் சேறும், மணலும், சங்கும், சிப்பியும் படிந்தன. சென்னைப் பெருஞ்சாலையில் பாடாலூரில் கிழக்கே திரும்பிச் சில கிலோமீட்டர் போனால் அந்தப் பழைய கரையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடுகிறோம். மோட்டாருக்கு ஒரு துளி நனைவதில்லை.

முதலில் வருவது ஊட்டத்தூர். அங்குள்ள சிவன் கோயில் நடராஜரைத் தரிசிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். வேறொரு வகையிலும் அந்த ஊர்ப் பெயர் கடல் கடந்து போயிருக்கிறது. பூமி சாஸ்திரிகளுக்கு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்பவை மூன்று ஊர்கள் மாத்திரமல்ல, மூன்று யுகங்கள். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துச் சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1860-களில் பிளான்ஃபோர்டு என்பவர் இங்குள்ள பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பிரித்து மேற்படி மூன்று ஊர்ப் பெயர்களையும் வைத்தார். பிறகு மொராவியா தேசத்தில் பிறந்த ஸ்டோலிச்கா என்ற வாலிபர் கல்கத்தாவில் உட்கார்ந்து, இந்தச் சிப்பி சங்குகளை ஒவ்வொன்றாக வர்ணித்துப் பெரும் பெரும் புத்தகங்களாக வெளியிட்டார். 1874-இல், முப்பத்தாறாம் வயதில், லடாக்கின் பனிமலையில் அவர் உயிர் நீத்தார். லே நகரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. திருச்சி ஜில்லாவின் நத்தைகளுக்கு நாமகரணம் செய்த ஒருவர் இமயத்தில் துயில்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காரை என்ற கிராமத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. இந்த இடத்தைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. புல் பூண்டு இல்லாத செம்மஞ்சள் களிமண் மேடுகள். மழை நீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய நூற்றுக்கணக்கான ஓடைகள். அவற்றின் சரிவுகளில் எல்லாம் கண்ணாடிச் சில்லுகளைக் கொட்டியது போலப் பளபளப்பு. கையில் எடுத்தால் தகடு தகடாக உரிகிறது. ஜிப்ஸம் என்னும் உப்புக்கல் அது. அதற்கிடையே துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் விரல் நீளக் கற்கள் கிடந்தன. கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த ஓடு அது; பெலம்னைட்டு என்று பெயர்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "காலேஜ் பிள்ளைங்க வந்து பை பையா அள்ளிக்கிட்டுப் போறாங்க, சாமி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இதெல்லாம் காலுக்கடியிலே குத்தும். இப்போ தேடித்தான் எடுக்கணும்" என்றார். அந்த வார்த்தை என் மனத்தில் தைத்தது. என் சிநேகிதரும் குனிந்து எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

சுருள் சுருளான அம்மோனைட்டு என்னும் சங்குப் பிராணியும் இங்கே அகப்படும். நம் வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்தை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போலப் பதிந்திருப்பது இதே வம்சத்துப் பிராணியின் ஓடுதான். நேபாளத்து மலைச் சிகரமும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கு அது சாட்சி. அங்கே கிடைத்ததைப் பாலாபிஷேகம் செய்து காப்பாற்றுகிறோம். இங்கே கிடைப்பதை என்ன செய்கிறோம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கருடமங்கலத்தில் சிப்பிகளே இறுகிப் பாறையான ஒரு வகைக் கல் உண்டு. மெருகேற்றினால் கறுத்த பின்னணியில் வெள்ளைச் சிப்பிகள் கோலம் போட்டது போல் தெரியும். 'திருச்சி சலவைக்கல்' என்று வெள்ளைக்காரர்கள் இதை அழைத்தார்கள். அங்கே அதிக நேரம் தங்கவில்லை. சாத்தனூர் மரம் எங்களை இழுத்தது.

மரம் என்றால் நிற்கிற மரமல்ல. ஓடையோரத்தில் படுத்துக் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். பட்டையின் வரியும் கணுவும் கண்ணுக்குத் தெரிகின்றன. தட்டினால் கல்! மேற்கேயிருந்த காட்டில் ஓங்கி வளர்ந்த ஊசியிலை வர்க்கத்து மரம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலில் ஆழ்ந்து சேற்றில் புதைந்தது. அணு அணுவாக மரச்சத்து கரைந்து, அந்த இடத்தில் கண்ணாடிச் சத்து புகுந்துகொண்டது. பூக்கிற மரங்கள் உலகத்தை ஆளத் தொடங்குவதற்கு முந்திய வம்சம். சுமார் பன்னிரண்டு கோடி வருஷம் என்று பிராயம் சொல்லுகிறார்கள். வரகூர், ஆனைப்பாடிப் பக்கங்களிலும் சிறிய துண்டுகள் உண்டு.

1940-இல் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை ஜில்லா மகாராஜபுரத்துத் தமிழர். அன்னியர் நிறுவி, நூறு வருஷமாக அன்னியரே தலைமை வகித்த இந்தியப் பூமி ஆராய்ச்சி இலாகாவுக்கு 1951-இல் முதல் இந்தியத் தலைவரானவரும் அவரே. இன்று அந்த இலாகாவே வேலி போட்டு மரத்தைப் பாதுகாக்கிறது.

வேலி போட்ட இடம் ஒன்று. வேலி இல்லாத இடங்கள் எத்தனை! அரியலூரை நெருங்க நெருங்க வெள்ளைப் புழுதி மூடிய லாரிகள் எதிர்ப்பட்டன. மருதையாற்றைக் கடந்தபோது சிநேகிதர் சற்று மௌனமானார். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை, இந்த ஆற்று வெள்ளத்தில் ரயில் பாலம் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் பிரயாணிகள் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியைத் துறந்தார். அந்த மாதிரி மனிதர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள்.

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தோம். பள்ளத்தின் சுவர் முழுவதும் உள்ளங்கை அளவுச் சிப்பிகள். கீழே இயந்திரங்கள் அவற்றை அள்ளி லாரியில் கொட்டுகின்றன. கல்லக்குடிப் பக்கத்தில் தோண்டுவது அக்காலத்துப் பவழப்பாறை. நாம் குடியிருக்கும் வீட்டின் காரைப் பூச்சில் ஏழு கோடி வருஷத்துச் சிப்பி கலந்திருக்கக்கூடும்.

சிமெண்டு ஆலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போடுகின்றன. சுரங்கம் தோண்டியதனால்தான் பல அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன என்று ஆராய்ச்சிக்காரர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால் கல்லமேட்டில் நடந்ததைக் கேளுங்கள். அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த அந்த இடத்தில் கிடைத்த ராட்சதப் பல்லியின் எலும்புகளை 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு விஞ்ஞானிகள் வர்ணித்துப் 'பிருகத்காயசாரஸ்' என்று பெயரிட்டார்கள். நீலத் திமிங்கிலத்தோடு போட்டியிடும் உடம்பு என்று கணக்கிட்டவர்களும் உண்டு. கணக்குச் சரியா என்று இனிச் சோதிக்க வழியில்லை. எலும்புகள் பொடிந்து மண்ணாகிவிட்டன. 2020-இல் குன்னம் பக்கத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது ராட்சத முட்டை என்று ஊரெல்லாம் வதந்தி கிளம்பிற்று. கடற்படிவுக் கற்கள் என்று நிபுணர்கள் விளக்கிய பிறகே அடங்கியது. முட்டை என்றால் ஓடிவருகிறோம். சிப்பி என்றால் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நூறு வருஷத்துக் கட்டடத்தைப் புராதனச் சின்னமாக்கிக் காப்பாற்ற 1958-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். இம்மாதிரிப் பாறைகளுக்கென்று 2022-இல் ஒரு மசோதாவின் வரைவு வந்தது. பத்துக் கோடி வருஷம் பொறுத்திருந்த சங்கு இதற்கும் பொறுத்திருக்கும் என்று எண்ணம் போலும்!" என்றார் சிநேகிதர். வாரணவாசியில் சர்க்கார் அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்கு அவசியம் காட்டவேண்டும். எனினும் அலமாரியில் இருக்கும் சங்கு, தான் கிடந்த கடலைக் காட்டாது.

அன்று மாலை கரைவெட்டி ஏரிக்குப் போனோம். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துக்கள் தங்கும் இடம் இது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கைப்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்றது. சாளக்கிராமத்து மலைகளுக்கு மேலாகப் பறந்து, சங்குகளின் பழைய கடலுக்கு மேலே வந்து இறங்குகின்றன, பாருங்கள்! ஏரி அஸ்தமன வெளிச்சத்தில் சமுத்திரம் போலவே தோன்றியது.

மறுநாள் ஜயங்கொண்டம் வழியே, முந்திரித் தோப்புகளைக் கடந்து, கங்கைகொண்ட சோழபுரம் சேர்ந்தோம். ராஜேந்திரன் எழுப்பிய விமானத்தைப் பற்றிப் பெரியோர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிநேகிதர் விமானத்தைவிடச் சுற்றுமதிலையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மதில் குட்டையாக, அரைகுறையாக நிற்கிறது. 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்டியபோது கல் வேண்டியிருந்தது. அருகிலேயே வெட்டிச் செதுக்கிய கல் தயாராக இருந்தது. பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

"அணையினால் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் விளைந்தது. அதையும் சொல்லவேண்டும்" என்றேன்.

"சொல்லும். விளைந்தது வாஸ்தவம். மதில் போனதும் வாஸ்தவம்" என்று சொல்லி அவர் மோட்டாரில் ஏறிக்கொண்டார். தெற்கே சில கிலோமீட்டரில் அந்த அணைக்கரை வந்தது. பாலத்தின்மேல் மோட்டார் மெதுவாக ஊர்ந்தது. கீழே கொள்ளிடம் கிழக்கு நோக்கி, கடல் இப்போது இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.