பைதான் வேகம் பெற்றது எப்படி?

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவையில் கூடிய உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தபோது, கணினிக்கும் தமிழுக்குமுள்ள சம்பந்தம் கொங்கு மண்ணில் விரிவாக ஆராயப்பட்டது. அதே ஆர்வத்தின் மற்றொரு பலன், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி. அது பைதான் என்னும் நிரல்மொழியை ஆதாரமாகக் கொண்டு இயங்குவதால், பைதானின் வேகம் தமிழில் நிரல் பயிலும் மாணவனுக்கும் சம்பந்தமுள்ள விஷயமாகிறது.

பைதான் ஏன் மந்தமாக இருந்தது? இரண்டைக் கூட்டு என்று கட்டளையிட்டால், அவை எண்களா எழுத்துத் தொடர்களா என்பதை, ஒரே வரி லட்சம் முறை திரும்பினாலும், அது ஒவ்வொரு முறையும் பரிசோதித்து, உரிய கூட்டல் முறையைத் தேடியாக வேண்டியிருந்தது.

2022 அக்டோபரில் வெளிவந்த 3.11 பதிப்போ, ஒரே ரகப் பஞ்சு தொடர்ந்து வருவதைக் கண்ட ஆலைத் தொழிலாளி இயந்திரத்தை அந்த ரகத்துக்கென்றே திருத்தி வைப்பதுபோல, முழு எண்களே தொடர்ந்து வரும் இடத்தில் பொதுக் கட்டளையை நீக்கி, முழு எண்களுக்குரிய விசேஷக் கட்டளையைப் பொருத்துகிறது; வேறு வகை வந்தால், சிறு சோதனை அதைக் கண்டறிந்து, பழைய மார்க்கத்துக்கே திருப்பிவிடுகிறது.

இதனாலும் பிற திருத்தங்களாலும், பைதான் குழுவினரின் அளவீட்டுத் தொகுப்பில் வேகம் சராசரியாக 25 சதவிகிதம் உயர்ந்தது. ஆயினும், வலைப்பின்னலின் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரலுக்கும், சி மொழியில் அமைந்த நூலகங்களிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் நிரலுக்கும் அனுகூலம் சொற்பமே. ஆகையால், சராசரியை நம்பி அமையாமல், தம் நிரலைத் தாமே அளந்து பார்ப்பதே விவேகம்.