எண்ணப்படாத மூச்சு

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, புஜத்தில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, இயந்திரங்கள் காட்டும் எண்களையெல்லாம் சிரத்தையோடு குறித்துக்கொள்ளுகிறவர்கள்கூட, சுவாசத்திற்குரிய கட்டத்தில் மட்டும், எண்ணிப் பாராமலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிட்டு அப்பால் போய்விடுவது, பல தேசத்து மருத்துவர்களும் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பழைய குறை. உடம்பு அபாயத்தை நோக்கிச் சரிவதைப் பெரும்பாலும் முதலில் தெரிவிக்கும் எண் அதுவே என்னும்போது, இந்த அலட்சியம் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

எண்ணுவதற்கு ஒரு கடிகாரமும் முழுதாக ஒரு நிமிஷமும் போதும். தம் மூச்சைப் பிறர் கவனிப்பது தெரிந்தால் எவருக்கும் அதன் கதி மாறிவிடுமாதலால், அநுபவமுள்ள நர்ஸ், நாடி பார்ப்பவர்போல மணிக்கட்டைப் பற்றிக்கொண்டே மார்பின் அசைவை எண்ணிவிடுவார். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

எண்ணைக் காட்டிலும் தோற்றம் அதிகம் சொல்லும். ஆஸ்துமாக்காரர் ஒருவர், படுக்க மாட்டாமல் முழங்காலில் கையூன்றி முன்சாய்ந்து, காறையெலும்புக்கு மேலுள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்க, "தண்ணி... கொஞ்சம்..." என்று சொல்லுக்குச் சொல் நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதைக் கண்ட பிறகும், கருவி 95 காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்வது பேதைமை. அதினும் கொடிது, அதுவரை கேட்ட வீசிங் சத்தம் அடங்கி, கண் சொருகி, "இப்பத்தான் அசந்து தூங்குறாரு" என்று உறவினர் நிம்மதியடையும் கட்டம். ஓசையெழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உட்செல்லாமல், கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, பிரக்ஞை மங்குவதாக அது இருக்கக்கூடும். அந்த வாயுவை விரல் கருவி அளப்பதே இல்லை.

நுரையீரலில் குற்றமில்லாமலே மூச்சு பிறழுவதும் உண்டு. நீரிழிவு முற்றி ரத்தத்தில் அமிலம் மிகுந்தவர்கள் ஆழ்ந்து பெருமூச்செறிவதை ஜெர்மானிய வைத்தியர் குஸ்மால் 1874-இல் விவரித்தார். அங்கே ஸ்டெதாஸ்கோப்பைவிடச் சர்க்கரைப் பரிசோதனையே வழிகாட்டும்.

இருதயம் நின்றுபோனவர்களில் சிலர் முதல் சில நிமிஷங்கள் கரையில் போட்ட மீனைப் போல வாய் திறந்து விட்டுவிட்டு இழுப்பார்கள். சூழ நிற்பவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று காத்து நிற்பதில் அருமையான நேரம் கழிந்துவிடும். அது சுவாசத்தில் சேர்த்தியன்று; தட்டியெழுப்பியும் விழிக்காதவரின் மூச்சு சீராக இல்லையானால், 10 விநாடிக்கு மேல் யோசிக்காமல், 108-க்குப் போன் செய்யும் பொறுப்பைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒப்படைத்து, நெஞ்சின் நடுவே கை வைத்து நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.